அக்கா மூடும் விலை

3 டிசம்பர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

போனைப் பாதியில் வைத்துவிட்டாய். அப்புறம் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் அத்தான்தான் எடுத்தார். "அவ பம்ப் ஷெட்ல இருக்காப்பா" என்றார். அவர் சொல்லும்போதே பின்னால் நீ பாத்திரத்தைப் போட்டு உருட்டுவது காதில் விழுந்தது. அத்தானுக்குப் பொய் சொல்ல வராது, அவரை இந்த வேலைக்கு வைக்காதே. போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

கோபப்படாமல் கேள். ஜூன் மாதம் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் நூற்றுப் பத்து டாலர். இன்று எழுபது. விலை இறங்கினால் எங்களைப் போன்ற பெரிய கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்து அதைத் தூக்கி நிறுத்தும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நாங்கள் ஒரு சொட்டுக்கூடக் குறைக்கப் போவதில்லை. போன வாரம் முடிவாகிவிட்டது. முடிவெடுத்த அறையில் நானும் இருந்தேன் அக்கா. பதினான்காவது மாடி, நீள மேஜை. பத்து வருடமாக மூலையில் உட்கார்ந்து பட்டியல் போட்டவனை டைரக்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

எங்கள் எண்ணெயை மேலே கொண்டுவர பீப்பாய்க்குப் பத்து டாலர்கூட ஆகாது. உன்னைப் போன்ற சின்ன எண்ணெய்க் கிணற்றுக்காரர்களுக்கு நாற்பது, நாற்பத்தைந்து ஆகிறது. விலை விழ விழ நீங்கள் ஒவ்வொருவராக மூடுவீர்கள். எல்லோரும் மூடியபின் விலை ஏறும். அப்போது சந்தை எங்களுடையது. எட்டு மாதம், மிஞ்சிப்போனால் பத்து.

அப்பா விட்டுப்போன பதினோரு கிணற்றில் என் பாதியை உனக்கு எழுதிக் கொடுத்தது நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான். அதே அக்கறையில்தான் சொல்கிறேன். அந்த டேங்கர் கம்பெனிக்காரன் இன்னும் வாங்கத் தயாராக இருக்கிறான். விற்றுவிடு. வசந்தத்துக்குப் பிறகு சும்மா கொடுத்தாலும் ஆள் வராது.

உன் தம்பி

20 டிசம்பர் 2014

அடேய் பதினான்காவது மாடி,

பாத்திரம் உருட்டியது நான்தான். அடுத்த முறை இன்னும் பெரிய பாத்திரமாக உருட்டுகிறேன்.

விற்றுவிடு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். உனக்கு அவை பதினோரு கிணறு. எனக்கு அப்படி இல்லை. இருமி இருமிக் கொடுக்கும் பெரியவர், வாரம் ஒரு பெல்ட்டைத் தின்னும் சண்டைக்காரி, சத்தமே போடாமல் எல்லோரையும்விட அதிகம் தரும் ஊமை. காலையில் போர்வையை விலக்கியதும் ஜன்னல் வழியாகப் பதினோரு பம்பும் தலையாட்டுகிறதா என்று எண்ணிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். ஒன்று குறைந்தாலும் மெக்கானிக் முதல் என் மாமியார் வரை அன்றைக்கு எல்லோருக்கும் என்னிடம் வசவுதான்.

எனக்கு வேறு எது வருத்தம் தெரியுமா? போன தடவை வந்தபோது பம்ப் ஷெட்டில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு டீசல் எவ்வளவு, பெல்ட் எவ்வளவு, மெக்கானிக் சம்பளம் எவ்வளவு என்று நோட்டில் எழுதினாயே. பதினைந்து வருடம் கழித்து என் தம்பிக்கு இந்த இடத்தின்மேல் அக்கறை வந்துவிட்டது என்று அத்தானிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். அந்தத் தம்பியா இப்போது மூடு என்கிறான்?

மூட மாட்டேன். உங்கள் கம்பெனி மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போகிறதா, நானும் போகிறேன். யார் முதலில் எழுகிறார்கள் என்று பார்ப்போம்.

அக்கா

14 மார்ச் 2015

அன்புள்ள அக்காவுக்கு,

மூச்சுப் பிடிக்கும் போட்டியை நீயே ஞாபகப்படுத்திவிட்டாய், நன்றி. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டி, எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினான்கு. விடுமுறை முழுக்கத் தலையை முக்கிக்கொண்டு கிடந்தோம். ஒரே ஒரு நாளாவது நீ ஜெயித்திருக்கிறாயா? ஐந்து வயது பெரியவள், நீளக் கை, நீளக் கால், ஆனாலும் பொசுக்கென்று நீதான் முதலில் எழுவாய். உன்னால் தாங்க முடியாது அக்கா. அதில் அவமானம் ஒன்றுமில்லை.

விலை ஐம்பத்தைந்து. இங்கே திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கிறது. தினமும் காலையில் மாடியில் ஒரு பெரிய திரையில் யார் யார் மூடினார்கள் என்று போடுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கை தட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன். உன் மாவட்டத்துப் பட்டியல் வரும்போது மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறேன்.

நாற்பத்தைந்தைத் தொட்டதும் மூடிவிடு. ஒரு நாள்கூடத் தாமதிக்காதே. அதற்குக் கீழே நீ இறைக்கும் ஒவ்வொரு பீப்பாயும் நஷ்டம்.

உன் தம்பி

9 செப்டம்பர் 2015

தம்பி,

சண்டையெல்லாம் அப்புறம். உடனே உட்கார், ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

போன மாதம் விலை நாற்பத்தைந்துக்குக் கீழே போனது. பக்கத்து நிலத்து இரட்டையர்கள், உனக்குத் தெரியுமே, இரண்டு பேரும் ஒரே மாதிரி தொப்பி போடுவார்கள், அவர்கள் எட்டுக் கிணற்றையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். பெரியவன் நேராக என்னிடம் வந்து, "நீங்களும் நிறுத்திடுங்கம்மா, அழுதுக்கிட்டே ஓட்டறதுல என்ன இருக்கு" என்றான். நானும் அன்று நிறுத்துவதாகத்தான் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், மனசு விட்டுப்போய்த்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதே வாரம் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. சரிசெய்யக் கையில் ஒன்றுமில்லை. மெக்கானிக் எங்கிருந்தோ ஒரு சின்ன ஜெனரேட்டர் இரவல் வாங்கி வந்தார். அதில் ஒரே நேரத்தில் இரண்டு பம்புக்குமேல் ஓடாது. கிணற்றை அடியோடு நிறுத்தினால் குழாயில் மெழுகு பிடித்துவிடும், உப்புத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும், அப்புறம் திறக்கவே முடியாது. அதனால் முறை போட்டேன். பெரியவருக்கும் ஊமைக்கும் காலை இரண்டு மணி நேரம், அப்புறம் சண்டைக்காரிக்கும் அடுத்ததற்கும் இரண்டு மணி நேரம், இப்படியே. ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து நானும் மெக்கானிக்கும் கிணறு கிணறாகத் தள்ளினோம். சாலையில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வார முடிவில் எண்ணெய்த் தொட்டியை அளந்தேன். குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தால் நம்ப முடியவில்லை. மறுபடி விட்டேன். அத்தானைக் கூப்பிட்டு அவரை விட்டுப் பார்க்கச் சொன்னேன். நாள் முழுக்க ஓட்டியபோது வந்ததில் பத்தில் ஒன்பது பங்கு வந்திருக்கிறது. டீசல் ஆறில் ஒரு பங்கு.

புரிகிறதா? இவை கிழட்டுக் கிணறுகள். எண்ணெய் மெதுவாக ஊறுகிறது. ஊற விட்டு இறைத்தால் போதும். இத்தனை வருடமும் நாள் முழுக்கத் தலையாட்டியதில் முக்கால்வாசி நேரம் வெறுமனே ஆட்டியிருக்கிறது. அப்பாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை, விலை நூறில் இருந்தபோது யார் பார்க்கப் போகிறார்கள்? ஷெட்டில் ஆடினேன் தம்பி. சண்டைக்காரியைக் கட்டிப்பிடித்ததில் சேலை முழுக்க கிரீஸ்.

இனி எனக்கு நாற்பத்தைந்து வேண்டாம். இருபத்தைந்து இருந்தால் மூச்சு விடுவேன். அத்தான் பள்ளி வேன் ஓட்டப் போகிறார், காரை விற்றுவிட்டோம், ஆனாலும் பதினோரு கிணறும் உயிரோடு இருக்கின்றன. முதலில் உனக்குத்தான் சொல்லத் தோன்றியது.

அக்கா

22 ஜனவரி 2016

அக்கா,

விலை முப்பதுக்கும் கீழே. இங்கே இப்போது யாரும் கை தட்டுவதில்லை.

எடுக்கும் செலவு பத்து டாலர் என்று எழுதினேன். அது உண்மைதான். ஆனால் எங்கள் எண்ணெயை நம்பி இருப்பது கம்பெனி மட்டுமில்லை. ஊழியர் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அரசாங்கத்துக்கு வருடா வருடம் கட்டுவதாகச் சொன்ன தொகை, எல்லாம் சேர்த்தால் எங்களுக்கு எண்பது வேண்டும். அந்தப் பத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு குதித்திருக்கிறோம். லிப்ட் இரண்டை நிறுத்திவிட்டார்கள். பதினான்கு மாடி ஏறிப் போகிறேன். புதிதாகத் தோண்ட வேண்டிய நாற்பது கிணறுகளைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். தோண்டாவிட்டால் பழைய கிணறுகள் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கும். மூன்று வருடம் கழித்து விலை ஏறும்போது கொடுக்க எங்களிடமே எண்ணெய் இருக்காது. இதைச் சொன்னால் இப்போது யாருக்கும் கேட்க நேரமில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஒரு வருடமாகச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

எந்த விலையில் எந்தச் சின்னக் கிணற்றுக்காரர் மூடுவார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதைப் போட்டவன் நான். அதை வைத்துத்தான் அந்த முடிவு எடுத்தார்கள். சின்னவர்களின் உண்மையான செலவு யாருக்கும் தெரியாது, எவரும் வெளியே சொல்ல மாட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு இடம் தெரியும். உன் ஷெட்டில் ஸ்டூல் போட்டு எழுதிய நோட்டுதான் அக்கா. மாதிரி: பதினோரு கிணறு, மூடும் விலை நாற்பத்தைந்து. அதைப் பெருக்கித்தான் ஆயிரக்கணக்கானவர்களுக்கு எண் போட்டேன். நீ கடைசிவரை தாங்க மாட்டாய் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நேற்று டைரக்டர் எல்லோர் முன்னாலும் பட்டியலைத் தூக்கி வீசினார். "உன் சின்னவங்க பாதிப் பேர் இன்னும் மூடலையே, ஏன்?" என்றார். உன் செப்டம்பர் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. தெரியாது சார் என்றேன்.

என்னைத் திட்டு. நன்றாகத் திட்டு.

தம்பி

6 பிப்ரவரி 2016

திட்டுவதற்குக்கூட உன்னிடம் எனக்குப் பேச்சில்லை. என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே என்னை எந்த விலையில் முடிக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். சட்டைப் பையில் கடிதம் இருந்ததாம், சொல்லவில்லையாம். அதையும் நான் நம்ப வேண்டுமா? இனி எழுதாதே.

11 ஜூன் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

இது நான்காவது கடிதம். மூன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரர் மேல் பழி போட ஆசைதான், ஆனால் அத்தான் போனில் "எல்லாம் வந்துச்சுப்பா, பீரோவுல வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டார்.

நான் நலம். வேலை மாறியிருக்கிறது. இப்போது கீழ்த்தளத்தில், உதிரிப் பொருள் கிடங்கு. மாடி ஏறும் தொல்லை இல்லை. உன் சண்டைக்காரி தின்னும் அதே பெல்ட் இங்கே அலமாரி அலமாரியாக இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

விலை ஐம்பதுக்குப் பக்கத்தில் ஊசலாடுகிறது. பெரியவர் இருமல் எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது எழுது.

தம்பி

19 அக்டோபர் 2018

அடேய் கிடங்கு,

பெரியவர் நலம். இருமல் அப்படியேதான் இருக்கிறது. மற்ற பத்தும் நலம். விலை எண்பதைத் தாண்டிவிட்டது, உனக்குத் தெரிந்திருக்கும். டேங்கர் லாரி மூன்று வாரத்துக்கு ஒரு முறை வந்தது போய், இப்போது டிரைவர் வாரம் இரண்டு தடவை வந்து ஹாரன் அடிக்கிறான். அத்தான் வேனை விடவில்லை. பிள்ளைகள் பழகிவிட்டார்களாம்.

இரட்டையர்கள் உன் பட்டியல்படிதான் நிறுத்தினார்கள். போன மாதம் கடன் வாங்கித் திறந்து பார்த்தார்கள். எட்டிலும் உப்புத் தண்ணீர். இளையவன் என் கண்முன்னால் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அவன் இப்போது என்னிடம் வேலை பார்க்கிறான்.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. செவ்வாய்க்கிழமை உங்கள் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். விலை அவ்வளவு விழுந்தும் யார் யார் தாங்கினார்கள், எப்படித் தாங்கினார்கள் என்று விசாரிக்க ஊர் ஊராகப் போகிறாராம். கையில் பட்டியல். என் வரியை நானே பார்த்தேன். பார்த்ததும் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். அவர் பயந்துபோய், "நான் போட்டதில்லைம்மா" என்றார். போட்டவர் எங்கே என்றேன். "அவரை மூணு மாசம் தினம் கூப்பிட்டுக் கேட்டாங்க. ஏன் மூடலன்னு அவருக்குத் தெரியும்னு எல்லாருக்கும் சந்தேகம். கடைசி வரைக்கும் தெரியாதுன்னே சொன்னார். அதான் ஸ்டோருக்குத் தள்ளிட்டாங்க" என்றார்.

மாடி ஏறும் தொல்லை இல்லை என்றாயே பாவி. உன் நான்கு கடிதத்தையும் பீரோவிலிருந்து எடுத்து ஒரே மூச்சில் படித்தேன். அழுதேன். உன்னை நம்பவில்லையே என்று என்மேலேயே எனக்குக் கோபம்.

நீ ஒன்று சொன்னாய், நான் ஒன்று சொல்கிறேன். அந்தத் தொட்டியில் நான் ஒரு நாளும் தாங்க முடியாமல் எழவில்லை. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் உதடு நீலமாகும். ஆனாலும் எழ மாட்டாய். தோற்கிறதைவிட மயங்கி விழுவதே மேல் என்கிற பிள்ளை நீ. எனக்கு உயிரே போய்விடும். அதனால் நான் எழுந்துவிடுவேன். நான் எழுந்தால்தான் நீ எழுவாய். அதை வைத்து நீ எனக்கு நாற்பத்தைந்து என்று எண் போட்டிருக்கிறாய், முட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிழக்கே புதிதாக ஒரு கம்பெனி கிணறு தோண்டும் ராட்சத ரிக் இயந்திரத்தோடு வந்து இறங்கியிருக்கிறது. எல்லாம் கடன். பூமிக்குள் பக்கவாட்டில் தோண்டுகிறார்கள், முதல் வருடம் கொட்டுகிறது, அடுத்த வருடம் பாதியாகிவிடுகிறது, அதனால் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் பன்னிரண்டாவது கிணறு தோண்டு என்கிறார்கள். நான் தோண்டப் போவதில்லை. இவர்கள் இப்படிக் கொட்டினால் விலை மறுபடி விழும். விலை இருக்கும்போதே பெல்ட்டும் குழாயும் வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். எப்போது விழும், எவ்வளவு நாள் கிடக்கும் என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பட்டியல் போடத் தெரிந்த ஆள். போன தடவை தப்பாகப் போட்ட ஆளாக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு தடவை சூடுபட்டிருப்பான்.

நீ அங்கே இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாய். எழுந்திரு தம்பி. நான் எழுந்துவிட்டேன்.

அக்கா

26 நவம்பர் 2018

அக்கா,

உன் கடிதத்தைக் கிடங்கில் ஏணிமேல் நின்று படித்தேன். படித்துவிட்டு இறங்க முடியவில்லை. கீழே நின்ற ஆள் தலை சுற்றுகிறதா என்று கேட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டான். முப்பத்திரண்டு வருடமாக அந்தத் தொட்டியில் ஜெயித்தவன் என்றே என்னை நினைத்து வந்திருக்கிறேன். நீ ஏன் முதலில் எழுகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நீ சொன்னது நடந்துவிட்டது. போன மாதம் எண்பத்தைந்துக்கும் மேலே இருந்த விலை வெள்ளிக்கிழமை அறுபதுக்குக் கீழே வந்து நிற்கிறது. பதினான்காவது மாடியில் மறுபடி நீள மேஜைக் கூட்டம். பழைய பட்டியலோடு என்னை மேலே வரச் சொன்னார்கள். லிப்ட் ஓடுகிறது, இருந்தாலும் படியில் ஏறினேன். டைரக்டர் பழையதையெல்லாம் மறந்தவர்போல், "இந்தத் தடவை சின்னவங்க எத்தனை மாசம் தாங்குவாங்க?" என்றார்.

"தெரியாது சார். போன தடவையும் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்" என்றேன்.

பட்டியலில் பதினோரு கிணறு என்ற வரிக்கு எதிரே இருந்த நாற்பத்தைந்தை அங்கேயே பேனாவால் அடித்தேன். அந்த இடத்தில் வேறு எண் எதுவும் எழுதவில்லை. அதன்மேல் என் ராஜினாமாவை வைத்துவிட்டு இறங்கி வந்தேன். பதினான்கு மாடியும் ஓடியே இறங்கினேன் அக்கா, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி.

வியாழன் மதியம் ரயில் வந்து சேரும். பெல்ட் வாங்கி அடுக்குவதை நிறுத்தாதே. குறைந்த விலையில் யாரிடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் வேலையாக அந்தத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வை. ஒரே ஒரு தடவை, இரண்டு பேரும் ஒன்றாக முங்கி ஒன்றாக எழ வேண்டும். இந்தத் தடவை நானும் கண்ணைத் திறந்து வைத்திருப்பேன். யார் முதலில் எழுந்தது என்று அத்தான் பார்த்துச் சொல்லட்டும். அவருக்குத்தான் பொய் சொல்ல வராது.

தம்பி